அரோமான்ஷ் கடற்கரை அருங்காட்சியகம்: போகும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இரண்டாம் உலகப் போருக்கான அருங்காட்சியகங்கள் ஊருக்கு ஒன்று இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க யாருக்கும் நாள் போதாது. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அரோமான்ஷுக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பதும், எப்படிப் பார்ப்பது என்பதும் கீழே உள்ள பதில்களில் இருக்கின்றன.

அரோமான்ஷ் எங்கே இருக்கிறது? அங்கே என்ன நடந்தது?

பாரிஸுக்கு வடமேற்கே, இங்கிலாந்தைப் பார்த்தபடி இருக்கும் கரையில் உள்ள சிற்றூர் அது. முழுப் பெயர் அரோமான்ஷ்-லே-பேன். ஹிட்லரின் ஜெர்மனி நான்கு ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருந்த பிரான்ஸை மீட்க, 1944 ஜூன் 6 அன்று நேச நாடுகளின் படைகள் இந்தக் கரையில் வந்து இறங்கின. கடல் வழியாகவும் வான் வழியாகவும் அந்த ஒரு நாளில் வந்தவர்கள் ஏறக்குறைய 1,56,000 பேர். கரையை ஐந்து துண்டாகப் பிரித்து மறைபெயர் வைத்திருந்தார்கள். யூட்டாவும் ஓமஹாவும் அமெரிக்கர்களுக்கு, கோல்டும் ஸ்வோர்டும் பிரிட்டிஷாருக்கு, ஜூனோ கனடியர்களுக்கு.

அரோமான்ஷ் கோல்டு பகுதியில் வருகிறது. ஆனால் அந்த ஊருக்கு நேர் எதிரே யாரும் படகிலிருந்து இறங்கிச் சண்டை போடவில்லை. கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இறங்கிய ஹாம்ப்ஷயர் படைப்பிரிவு, தரை வழியாகச் சுற்றி வந்து அன்று மாலைக்குள் ஊரைப் பிடித்தது. ஊரின் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை என்பது ஒரு காரணம். அந்தக் கடற்பரப்பு வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டது என்பது இன்னொரு காரணம். அங்கே ஒரு துறைமுகம் வரவேண்டியிருந்தது.

துறைமுகத்தையே இங்கிலாந்தில் கட்டி இழுத்து வந்தார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். அருங்காட்சியகம் முழுவதும் இதைப் பற்றியதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படை இறங்குவது ஒரு நாள் வேலை. இறங்கிய படைக்குச் சோறு, தண்ணீர், பெட்ரோல், குண்டு, மருந்து, லாரி எல்லாம் நாள் தவறாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குத் துறைமுகம் வேண்டும். இருக்கிற துறைமுகத்தைப் பிடித்துக்கொள்ளலாமே என்றால், அதையும் முயன்று பார்த்துவிட்டார்கள். 1942 ஆகஸ்ட் 19 அன்று தியெப் துறைமுகத்தின் மீது பெரும்பாலும் கனடியர்களைக் கொண்ட சுமார் 6,000 பேரை ஏவினார்கள். கனடியர்களில் மட்டும் 900 பேருக்கு மேல் செத்தார்கள். காவல் பலமாக உள்ள துறைமுகத்தை நேராகத் தாக்கிப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் ஜெர்மானியர் அதைத் தகர்த்துவிட்டுத்தான் போவார்கள் என்பது அன்றோடு உறுதியானது. பின்னால் 1944 ஜூன் கடைசியில் செர்பூர் துறைமுகம் கைக்கு வந்தபோது அப்படியேதான் தகர்ந்து கிடந்தது.

துறைமுகம் இல்லாத கரைக்குத் துறைமுகத்தைக் கூடவே எடுத்துப் போவது என்ற யோசனை அதற்கு முன்பே இருந்தது. 1942 மே 30 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், கூட்டுப் படை நடவடிக்கைகளின் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டனுக்கு எழுதிய சின்னக் குறிப்பு ஒன்று பிரபலம். கடற்கரையில் பயன்படுத்தும் இறங்குதுறைகள் நீரோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும், நங்கூரச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும், வாதம் செய்யாதீர்கள், கஷ்டங்கள் தாமே வாதம் செய்துகொள்ளும் என்பது அதன் சாரம்.

கடைசியில் உருவானதற்கு மல்பெரி என்று மறைபெயர். அதில் மூன்று பாகங்களைத் தெரிந்துகொண்டு போனால் கரையில் நிற்கும்போது எது எது என்று உங்களுக்கே புரியும்.

முதலாவது அலைத்தடுப்பு. பழைய கப்பல்களை வரிசையாக நிறுத்தி வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அதோடு ஃபீனிக்ஸ் என்ற ராட்சத கான்கிரீட் பெட்டிகளைச் சேர்த்தார்கள். பெரிய பெட்டி 60 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம், எடை ஏறக்குறைய 6,000 டன். உள்ளே வெற்றிடம் இருப்பதால் மிதக்கும். இழுவைப் படகுகள் மனிதன் வேகமாக நடக்கிற அளவு வேகத்தில் அவற்றை ஆங்கிலக் கால்வாய் என்ற கடலைத் தாண்டி இழுத்து வந்தன. இடத்துக்கு வந்ததும் அடைப்பைத் திறந்து தண்ணீரை விட்டால் தரையில் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது கப்பல் வந்து நிற்கும் மேடை. நான்கு மூலையிலும் எஃகுக் கால்கள் கடல் தரையில் ஊன்றி நிற்கும். மேடை மட்டும் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு நீர்மட்டத்தோடு மேலே போகும், கீழே வரும்.

மூன்றாவது, மேடையிலிருந்து கரை வரை மிதக்கும் சாலை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 24 மீட்டர் எஃகுப் பாலத் துண்டுகள் மிதவைகள் மேல் உட்கார்ந்திருக்கும். அலை ஒரு பக்கம் தூக்கும்போது பாலம் முறுக்கிக்கொண்டு வளைய வேண்டும், ஆனால் முறியக் கூடாது. மேலே டாங்கி போய்க்கொண்டிருக்கும். இதை வடிவமைத்தவர் ஆலன் பெக்கெட் என்ற பொறியாளர். காற்றாடி போலத் தோன்றும், எடை குறைந்த, இழுக்க இழுக்க ஆழமாகப் புதையும் நங்கூரமும் அவருடையதே. அரோமான்ஷில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. தளபதிகளின் சிலைகள் நிறைந்த அந்தக் கரையில் ஒரு பொறியாளரையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு நிறைவாக இருந்தது.

அருங்காட்சியகத்துக்குள் என்ன இருக்கிறது?

நார்மண்டிப் படையிறக்கத்தை நினைவுகூரக் கட்டப்பட்ட முதல் அருங்காட்சியகம் இது. 1954-இல் அன்றைய பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரெனே கோட்டி திறந்து வைத்தார். இதற்காக உழைத்தவர் ரேமோன் திரிபூலே. 1944-இல் விடுதலையான முதல் பிரெஞ்சு மண்ணில், பக்கத்து ஊரான பாயூவின் வட்டத்துக்கு நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் அவர்தான். பழைய கட்டடம் சிறியது, கூட்டம் தாங்கவில்லை. அதனால் பக்கத்திலேயே புதிதாகக் கட்டி 2023-இல் திறந்தார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கட்டடம் மாறியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

சீருடை, ஆயுதம், வரைபடம், அந்தக் காலத்துப் படச்சுருள் எல்லாம் உண்டு. அவை எந்தப் போர் அருங்காட்சியகத்திலும் இருக்கும். இங்கே நேரம் செலவழிக்க வேண்டியது மாதிரிகளிடம். மேடை எப்படி ஏறி இறங்குகிறது, மிதக்கும் சாலை அலையில் எப்படி நெளிகிறது என்பதை மாதிரிகள் காட்டும். படித்தபோது பிடிபடாதது ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மாதிரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே அதே கடல், அதே கான்கிரீட் பெட்டிகள் எண்பது ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இந்த வசதி வேறு எந்த அருங்காட்சியகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. மேசை மேல் பார்த்ததைக் கடலில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

விளக்கங்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் இல்லை. ஆங்கிலம் சரளமாகப் படிக்காத பெரியவர்கள் உடன் வந்தால் மேலே சொன்ன மூன்று பாகங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றதை மாதிரிகளே சொல்லிவிடும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

காலையா மாலையா என்று பார்க்காதீர்கள், கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கரைகளில் நீர் ஏற்றமும் வற்றமும் பெரிதாகத் தெரியாது. சென்னையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குச் சற்று முன்னே பின்னே. நார்மண்டியில் அது ஆறேழு மீட்டர் வரை போகும், அதாவது இரண்டு மாடி உயரம். ஏற்றத்தின்போது போனால் தூரத்தில் சில கறுப்புத் திட்டுகள் மட்டும் தெரியும், கரைச்சுவரை அலை மோதிக்கொண்டிருக்கும். வற்றத்தின்போது போனால் அகலமான மணல்வெளி விரிந்து, கரைக்கு அருகே உள்ள பெட்டிகளின் பக்கத்துக்கே நடந்து போய்விடலாம். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால்தான் மிதக்கும் சாலை ஏன் தேவைப்பட்டது என்பது உடம்புக்கே புரியும்.

பிரான்ஸில் கடல் நேரங்களின் அட்டவணை சுலபமாகக் கிடைக்கும். தங்குமிடங்களிலும் சுற்றுலா அலுவலகத்திலும் வைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு நாளுக்கும் 20-க்கும் 120-க்கும் இடையில் ஓர் எண் போட்டிருக்கும். எண் பெரிதாக இருந்தால் அன்று நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். 90-க்கு மேல் இருக்கும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் அவை.

வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அருங்காட்சியகத்துக்குள் போய், பார்த்து முடித்துவிட்டு நேராக மணலில் இறங்குவது சரியாக இருக்கும். ஜனவரியில் அருங்காட்சியகத்தை மூடிவைப்பது வழக்கம். திறக்கும் நேரமும் கட்டணமும் பருவத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் பெட்டிகளின் அருகில் போகலாமா? மேலே ஏறலாமா?

அருகில் போகலாம். ஏறக் கூடாது. கீழ்ப்பகுதி முழுக்கப் பச்சைப் பாசி, அதற்கு மேல் சிப்பிகள் கத்தி முனையாக ஒட்டியிருக்கும். கான்கிரீட் உதிர்ந்த இடங்களில் துருப்பிடித்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். துரு கசிந்து சுவரில் கோடு கோடாக இறங்கியிருக்கும். சுவர் ஒன்றும் கோட்டைச் சுவர் மாதிரி தடிமனாக இருக்காது. சில மாதங்கள் தாங்கினால் போதும் என்று போர்க்காலத்தில் அவசரமாக வார்த்தது அது.

நீர் திரும்பும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கு முன்பே கரையை நோக்கித் திரும்பிவிட வேண்டும். மணல் தட்டையாக இருப்பதால் நீர் முன்னால் மட்டும் வராது, பள்ளங்கள் வழியாகப் பின்னாலும் சுற்றிக்கொள்ளும். நனைந்தாலும் பரவாயில்லை என்று செருப்போடு போகாமல், பிடிமானம் உள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். காற்று ஜூலையிலும் குளிரும்.

இரண்டு துறைமுகங்கள் கட்டியதாகப் படித்தேன். இன்னொன்று எங்கே?

ஓமஹா கரையில், அமெரிக்கர்களுக்காக. 1944 ஜூன் 19 முதல் 22 வரை அடித்த வடகிழக்குப் புயலில் அது உடைந்து போனது. மறுபடி கட்டவில்லை. அதில் தேறிய பாகங்களைக் கொண்டுவந்து அரோமான்ஷில் இருந்ததைச் சரிசெய்தார்கள். அரோமான்ஷுக்கு வெளியே கடலடிப் பாறைத்திட்டு அலையின் வேகத்தை ஓரளவு குறைத்ததும் இது தப்பியதற்கு ஒரு காரணம்.

இவ்வளவு செலவும் உழைப்பும் உண்மையிலேயே தேவைப்பட்டதா?

நல்ல கேள்வி. அருங்காட்சியகத்தில் இதற்கு முழுப் பதில் கிடைக்காது, அங்கே பெருமிதம்தான் தூக்கலாக இருக்கும். வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் இது விவாதம்தான். புயலில் துறைமுகத்தை இழந்த அமெரிக்கர்கள், தட்டையான அடிப்பகுதி கொண்ட கப்பல்களை நீர் வற்றும்போது மணலிலேயே உட்காரவிட்டு, லாரிகளை நேராக இறக்கினார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமான சரக்கு அப்படியே கரையேறியது. அப்படியானால் துறைமுகமே வேண்டாமே என்று கேட்பவர்களின் வாதம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

என் எண்ணம் வேறு. இப்படியொரு துறைமுகம் கையில் இருக்கிறது என்ற தைரியம் இல்லாமல், பெரிய துறைமுகம் எதுவும் இல்லாத இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள். ஜெர்மானியர்களும் படையிறக்கம் துறைமுகத்தை ஒட்டித்தான் வரும் என்று அங்கங்கே பலத்தைக் குவித்திருந்தார்கள். 1944 நவம்பர் கடைசியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் கப்பல்களுக்குத் திறந்த பிறகு அரோமான்ஷின் வேலை முடிந்தது. அதுவரை அது ஓடியது.

எப்படிப் போய்ச் சேர்வது?

பாரிஸ் சேன்-லசார் நிலையத்திலிருந்து பாயூ ஊருக்கு ரயில். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சில ரயில்களில் கான் நகரில் மாற வேண்டும். பாயூவிலிருந்து அரோமான்ஷ் 10 கிலோமீட்டர் சொச்சம். பேருந்து உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் குளிர்காலமும் நம்பிப் போக முடியாத அளவுக்குக் குறைவு. பாயூவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போவது வெயில் நாளில் அருமையான வழி, பாதை பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாதது. நான்கைந்து பேர் என்றால் கார் எடுப்பதுதான் லாபம்.

லண்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் போர்ட்ஸ்மத்தில் கப்பல் ஏறி உயிஸ்திராமில் இறங்கலாம். பகல் பயணம் ஆறு மணி நேரம் போல ஆகும். 1944-இல் படைகள் கடந்த அதே கடல் என்பதால் ஒரு வழியாவது கப்பலில் போகச் சொல்வேன். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

பாரிஸில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய் வரலாமா என்று பாரிஸில் தமிழர்கள் கூடும் லா சப்பேல் பக்கத்திலிருந்து பலர் கேட்பார்கள். முடியும், ஆனால் கடல் வற்றும் நேரமும் ரயில் நேரமும் பொருந்த வேண்டும். ஓர் இரவு பாயூவில் தங்குவது நல்லது.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

ஊரின் கிழக்குப் பாறை மேல் ஒரு வட்டத் திரையரங்கம் இருக்கிறது. நடுவில் நின்றுகொண்டு சுற்றிலும் ஒன்பது திரைகளில் அந்தக் காலத்துப் படச்சுருள்களைப் பார்க்க வேண்டும். படம் பார்க்காவிட்டாலும் அந்தப் பாறைக்கு ஏறுங்கள். துறைமுகத்தின் வளைவு முழுவதும் கண்ணில் விழும் இடம் அதுதான். கீழே நின்றால் தனித்தனிப் பெட்டிகளாகத் தெரிவது, மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வளையமாகச் சேர்ந்துகொள்ளும்.

மேற்கே சில கிலோமீட்டரில் லோங்-சூர்-மெர். ஜெர்மானியர்கள் நான்கு பெரிய பீரங்கிகளை வைத்திருந்த இடம், அவற்றில் பெரும்பாலானவை கான்கிரீட் கூடங்களுக்குள் குழல்களோடு இன்னும் இருக்கின்றன. படையிறக்க நாளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அஜாக்ஸ் இவற்றோடு மோதியது. பிறகு பிரெஞ்சுக் கப்பல் ஜார்ஜ் லெய்கும் சுட்டது. சொந்த நாட்டுக் கரையைச் சுட வேண்டியிருந்த பிரெஞ்சு மாலுமிகளின் மனநிலையை அங்கே நின்று நினைத்துப் பாருங்கள். சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை.

கிழக்கே வெர்-சூர்-மெரில் பிரிட்டிஷ் நார்மண்டி நினைவிடம். 2021 ஜூன் 6 அன்று திறந்தது. 1944 கோடையில் பிரிட்டிஷ் தலைமையின் கீழ் இறந்த 22,442 பேரின் பெயர்கள் கல்தூண்களில் இருக்கின்றன. இறந்த பிரெஞ்சுப் பொதுமக்களுக்கும் அங்கே தனி நினைவிடம் வைத்திருக்கிறார்கள். நார்மண்டிச் சண்டையில் உயிரிழந்த பொதுமக்கள் சுமார் 20,000 பேர், அவர்களில் மிகப் பலர் விடுவிக்க வந்தவர்களின் குண்டுவீச்சில் இறந்தவர்கள். கடற்கரை அருங்காட்சியகங்களில் இந்தப் பக்கம் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். அதைத் தெரிந்துகொள்ள கான் நகரின் நினைவு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அந்த நகரமே குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்து மறுபடி எழுந்தது.

பாயூவின் புகழ்பெற்ற பழைய தையல் ஓவியத்தைப் பார்க்க நினைத்தால், அந்த அருங்காட்சியகம் புதுப்பிப்பதற்காக 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. திறந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

கல்லறைத் தோட்டங்களில் எதற்குப் போவது?

ஓமஹாவுக்கு மேலே கோல்வில்லில் உள்ள அமெரிக்கக் கல்லறைக்குத்தான் எல்லோரும் போவார்கள். 9,000-க்கும் மேற்பட்ட வெள்ளைச் சிலுவைகளும் யூதர்களுக்கான தாவீது நட்சத்திரங்களும் ஒரே ஒழுங்கில் கடலுக்கு மேலே நிற்கும். பிரமிக்க வைக்கும் இடம்தான்.

நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் நான் பாயூவில் உள்ள காமன்வெல்த் கல்லறையைச் சொல்வேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 4,648 பேர் அங்கே இருக்கிறார்கள், அவர்களில் 466 பேர் ஜெர்மானியர்கள். எதிரிகளையும் அதே தோட்டத்தில், அதே பராமரிப்பில் வைத்திருக்கிறார்கள். பல கற்களின் அடியில் குடும்பத்தார் சொல்லியனுப்பிய ஒரு வரி செதுக்கியிருக்கும். அம்மா எழுதியது, மனைவி எழுதியது, பெயர் போடாமல் ‘அப்பாவுக்கு’ என்ற பொருளில் எழுதியது. பத்து கற்களையாவது நின்று படியுங்கள். வயதையும் பாருங்கள். 19, 20, 22 என்று போகும்.

எதிரே உள்ள நினைவு மண்டபத்தில் லத்தீனில் ஒரு வரி உண்டு. வில்லியத்தால் வெல்லப்பட்ட நாங்கள், வென்றவனின் தாய்நாட்டை விடுவித்தோம் என்பது அதன் பொருள். 1066-இல் இந்த நார்மண்டியிலிருந்து போய் இங்கிலாந்தை வென்ற வில்லியத்தைச் சொல்கிறார்கள்.

இதில் இந்தியர்களுக்கோ தமிழர்களுக்கோ தொடர்பு உண்டா?

இந்தியத் தரைப்படையின் பிரிவு எதுவும் அன்று நார்மண்டியில் இறங்கவில்லை. அவர்கள் இத்தாலியிலும் பர்மா எல்லையிலும் போரில் இருந்தார்கள். ஜூன் 6 அன்று கொஹிமாச் சண்டை இன்னும் முடியவில்லை. ஜூன் 22-இல்தான் இம்பால் சாலை திறந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் பிரிவுகள் அந்தப் போர்முனையில் சாலையும் பாலமும் போட்டுக்கொண்டிருந்தன.

எதிர்பாராத ஒரு தொடர்பு கண்டியோடு உண்டு. மல்பெரி வேலையைத் தொடங்கி வைத்த மவுண்ட்பேட்டன் அதற்குள் தென்கிழக்கு ஆசியப் படைகளின் தலைவராக மாறி, 1944 ஏப்ரலில் தன் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுபோயிருந்தார். படையிறங்கி ஒரு வாரத்துக்குள் சர்ச்சிலும் அமெரிக்கத் தளபதி மார்ஷலும் மற்றவர்களும் நார்மண்டிக் கரையைப் பார்த்துவிட்டு, இந்த முறைகளில் பல உங்களிடம்தான் தொடங்கின என்று அவருக்குத் தந்தி அனுப்பினார்கள்.

அரோமான்ஷில் ஒரு துறைமுகத்தின் ஒவ்வொரு துண்டையும் அடையாளம் காட்டிப் பாதுகாப்பதைப் பார்க்கும்போது, அதே போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் மடிந்த மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. பல்லாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. எட்டு வயதுக்கு மேல் இருந்தால் மாதிரிகளிடமிருந்து அவர்களை நகர்த்துவதுதான் கஷ்டம். இரத்தமும் பிணமுமான காட்சிகள் தூக்கலாக இருக்கும் இடம் இல்லை இது. துப்பாக்கியைக் காட்டி வீரக்கதை சொல்வதைவிட, ‘இவ்வளவு கனமான கல் எப்படி மிதந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். கரையில் மணலும் இருக்கிறது, அலுத்தால் விளையாடுவார்கள்.

போரை நேரில் அனுபவித்த பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

ஈழத்திலிருந்து வந்து ஐரோப்பாவில் வாழும் குடும்பங்கள் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். அருங்காட்சியகத்தின் மாதிரிகளும் கடற்கரையும் பொதுவாகத் தொந்தரவு தராது. வட்டத் திரையரங்கம் வேறு. இருட்டில், நாற்புறமும் குண்டுவீச்சுச் சத்தம், எந்தப் பக்கம் திரும்பினாலும் படம். ஷெல் அடிக்குப் பதுங்குகுழியில் இருந்தவர்களுக்கு அது வெறும் படமாக இருக்காது. உள்ளே என்ன இருக்கும் என்பதை முன்பே சொல்லி, அவர்களே முடிவெடுக்கட்டும். வேண்டாம் என்றால் வெளியே பாறையில் பெஞ்சு இருக்கிறது, ஒருவர் கூட இருங்கள்.

சிலருக்கு இந்த இடம் பேச்சைத் திறந்துவிடும். அம்மாவோ பெரியப்பாவோ கல்லறைத் தோட்டத்தில் நின்று இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள். திட்டத்தில் ஓர் இடம் குறைந்தால் குறையட்டும்.

ஜூன் 6 அன்று போகலாமா?

விழா, அணிவகுப்பு, பழைய ஜீப்புகள், பாராசூட் இறக்கம் எல்லாம் பார்க்க ஆசை என்றால் போகலாம். ஆனால் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டும், சாலைகளை மூடுவார்கள், அருங்காட்சியகத்துக்குள் நிம்மதியாக நிற்க முடியாது. அமைதியாகப் பார்க்க செப்டம்பர்தான் என் தேர்வு.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சிரமம்தான், பட்டினி இருக்க வேண்டியதில்லை. பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் கலெத் என்ற தோசை எல்லாக் கடையிலும் உண்டு. சீஸ், காளான் மட்டும் வைத்துத் தரச் சொன்னால் தருவார்கள். பன்றி இறைச்சியை வழக்கமாகச் சேர்ப்பார்கள் என்பதால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் மாவில் முட்டை உண்டா என்றும் கேட்க வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள், இது பிரான்ஸ் முழுக்க உள்ள வழக்கம்.

கரையில் பழைய இரும்பு, தோட்டா மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காதீர்கள். அந்த மண்ணிலும் மணலிலும் வெடிக்காத குண்டுகள் இன்றும் வெளிப்படுகின்றன. துரு ஏறிய குழாய் மாதிரி தெரிவது குழாய்தான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. தொடாமல், காலால் தட்டிப் பார்க்காமல், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு விலகி வந்து 112-ஐ அழையுங்கள். உலோகம் தேடும் கருவியை அனுமதி இல்லாமல் பயன்படுத்துவதும் அங்கே சட்டப்படி குற்றம். நினைவுக்கு ஏதாவது வேண்டும் என்றால் அருங்காட்சியகக் கடையில் துறைமுகத்தின் பழைய வான்வழிப் படம் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதை வாங்கிக்கொண்டு பாறை மேல் ஏறினால், படத்தில் இருக்கும் எந்தப் பெட்டி இன்னும் நிற்கிறது, எது போய்விட்டது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.